விலகல் எண்

துவைக்காத முதல் சேட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காற்று உறிஞ்சிய தடித்த பிளாஸ்ரிக் பைக்குள் பலகை போல இறுகிக் கிடந்தது. பையின் மேல் சுகிர்தாவின் கணவன் பகீரதனின் கையெழுத்தில் நான்கு திகதிகள். அந்த நான்கு நாளும் குளிக்காமல், சென்ற் பூசாமல், கழற்றாமல் அவன் அதைப் போட்டிருந்தான் என்பதற்கு ஒரு வைத்தியரின் முத்திரையும் இருந்தது.

சுகிர்தா அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிக்கு பஸ் ஏறினாள். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்தது எமல்டாவின் பயிற்சி நிலையம். வெளிநாட்டிலிருக்கும் கணவன்மாரிடம் போகக் காத்திருக்கும் பெண்களை விசா நேர்முகத்துக்குத் தயார்ப்படுத்தும் இடம். பலகை அடித்துத் தடுத்த ஆறு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கதிரை, ஒரு மேசை, மூடி போட்ட ஒரு வாளி. வாளி எதற்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பக்கத்துத் தடுப்புக்குள் யாரோ ஒருத்தி ஒங்காளித்துக்கொண்டிருந்தாள்.

எமல்டாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முப்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். சுகிர்தாவின் மூக்கின் இரு பக்கமும் இரண்டு சிறு வில்லைகளை ஒட்டிக்கொண்டே பேசினாள்.

"முந்தி எங்கடை ஆக்கள் படத்தையும் மெசேஜையும் காட்டி விசா எடுத்தவை. பேந்து கொம்பியூட்டர் பத்து நிமிசத்திலை முழுக் கலியாண அல்பத்தையும் செய்து குடுக்கத் துவங்கிட்டுது. கேக் வெட்டின படம், கடற்கரைக்குப் போன படம், மூண்டு வருசம் சண்டை பிடிச்ச மெசேஜ், எல்லாம். எம்பசிக்காரருக்கு ஒண்டையும் நம்பேலாமல் போச்சு. மனுசன் கட்டில்லை எந்தப் பக்கம் படுக்கிறவர் எண்டு கேட்டால் அதையும் எங்கடை பெட்டையள் பாடமாக்கிக்கொண்டு போவாளவை. அப்பதான் இதைக் கண்டுபிடிச்சாங்கள்."

"எதை அக்கா?"

"அருவருப்பை. தாய்க்குத் தன்ரை பிள்ளையின்ரை பீத்துணி நாறாது. அடுத்த வீட்டுப் பிள்ளையின்ரை எண்டால் மூக்கைப் பொத்துவாள். ஒண்டா வாழுற புருசன் பெண்சாதியும் அப்பிடித்தான். அவரின்ரை வேர்வை, தலைகணி, வாய் மணம், ஒண்டும் பெரிசாத் தெரியாது. பிறத்தியான்ரை எண்டால் உடம்பு தானாப் பின்னுக்குப் போகும். எவ்வளவு பின்னுக்குப் போகுது எண்டு அளக்கிறாங்கள். அதுதான் விலகல் எண். இருபதுக்குக் கீழை எண்டால் நீ அவரின்ரை மனிசி. நாற்பதுக்கு மேலை எண்டால் கள்ளக் கலியாணம்."

வயிற்றைச் சுற்றி ஒரு பட்டியைக் கட்டினாள்.

"சீ எண்டு சொல்ல வெளிக்கிடேக்கை முதலிலை மேலுதட்டுத் தசைதான் இழுபடும். நீ அடக்கினாலும் மயிரளவு இழுபடும், மெஷின் பிடிச்சிடும். இரைப்பையும் ஒரு தாளத்திலை ஆடிக்கொண்டிருக்கிறது, அருவருத்தால் தாளம் குழம்பும். முகத்தை மறைக்கலாம் பிள்ளை. வயித்தை மறைக்கேலாது. சரி, இப்ப பையைத் திற."

சுகிர்தா திறந்தாள்.

ஊறிப் புளித்த பருத்தியின் வாடை முதலில் வந்தது. அதன் பின்னால் பழைய எண்ணெய், வெங்காயம், அக்குளின் உப்பு, ஒரு மனிதனின் கழுத்து மடிப்பில் நான்கு நாள் தேங்கிய அழுக்கு. கொலரின் உட்புறம் மஞ்சளாய் மினுங்கியது. எமல்டா அவளது பிடரியில் கை வைத்து முகத்தை மெல்லத் துணிக்குள் அமர்த்தினாள். சுகிர்தா அவள் கையை உதறினாள். வாளியின் மூடியைத் தட்டிவிட்டு, காலையில் தின்ற இடியப்பத்தை முழுவதும் சத்தி எடுத்தாள்.

"எழுபத்தொண்டு," என்றாள் எமல்டா திரையைப் பார்த்து. "பரவாயில்லை. எண்பத்தாறிலை துவங்கின ஆக்களும் இருக்கினம்."

சுகிர்தாவுக்கு முப்பத்தொரு வயது. வலயக் கல்வி அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை. பகீரதனைக் கலியாணம் செய்து இருபத்தாறு மாதங்கள். அதில் சேர்ந்திருந்தது பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளும் அவன் நல்லவனாகவே இருந்தான். மெதுவாகப் பேசினான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் குளித்தான். குளித்த ஒவ்வொரு முறையும் ஒரு நீலப் போத்தலில் இருந்து சென்ற் அடித்தான். எலுமிச்சையும் மரப்பட்டையும் கலந்த வாசம். அவன் விமானம் ஏறிய பிறகு இரண்டு மூன்று நாள் அந்த வாசம் அறையில் நின்றது. அவள் கணவன் என்று நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான். இந்தச் சேட்டுக்குள் இருந்தவனை அவள் சந்தித்ததே இல்லை.

வீட்டில் அம்மா பையைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"சீ, என்னடி இது? இதை மணந்து பாக்கச் சொல்லியே வெள்ளைக்காரன் கேக்கிறான்? மானம் ரோசம் இல்லாத சாதி."

"அவங்கள் கேக்கிறதைச் செய்யாட்டில் போகேலாது அம்மா."

அம்மா பையை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு முந்தானையை விட்டுவிட்டு, "அப்ப உன்ரை அறையிலை வை. சாமித்தட்டுப் பக்கம் கொண்டுபோகாதை," என்றாள்.

கிழமைக்கு மூன்று நாள், அலுவலகம் முடிந்த பின் பயிற்சி. முறைகளை எல்லாம் எமல்டா தன் வார்ட் அனுபவத்திலிருந்து உருவாக்கியிருந்தாள். மதியம் சாப்பிடாமல் வரச் சொல்வாள். பசி உச்சத்தில் இருக்கும்போது சேட்டை மூக்கில் பிடித்தபடி கறுத்தக்கொழும்பான் மாம்பழத் துண்டை வாயில் வைக்கச் சொல்வாள். பழத்தின் இனிப்பும் அக்குளின் புளிப்பும் ஒன்றாகத் தொண்டைக்குள் இறங்கும். முதல் இரண்டு கிழமையில் சுகிர்தா மாம்பழத்தை வெறுத்துவிட்டாள். வீட்டில் சேட்டைத் தலையணை உறையாக்கிப் படுக்க வேண்டும். பத்து நாளைக்கு ஒரு முறை புதிய சேட்டு வரும்.

"வார்ட்டிலை முதல் நாள் பெட்பான் எடுக்கேக்கை நானும் உன்னைப் போலத்தான்," என்றாள் எமல்டா ஒரு நாள். "மூண்டாம் மாசம் ஒரு கையிலை பெட்பான், மற்றக் கையிலை பணிஸ். தின்னுகொண்டு போவன்."

"அப்ப அந்த நோயாளியளிலை அன்பு வந்திட்டுதே அக்கா?"

"அன்போ?" எமல்டா சிரித்தாள். "பழக்கம் பிள்ளை. அந்த மெஷினுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சிருந்தால் எனக்கு இந்தத் தொழில் இல்லை."

அடுத்த தடுப்பில் முதல் நாள் ஒங்காளித்தவள் பெயர் ஜெயராணி. நாற்பது வயது. இடக்கை மோதிர விரல் வளைந்து, மடக்க முடியாமல் இருந்தது. கணவன் உடைத்தது. அவன் இரண்டு பிள்ளைகளையும் தன்னோடு கொண்டுபோய் நான்கு வருடம். பிள்ளைகளைப் பார்க்க அவளுக்கு இருந்த ஒரே வழி அவனுடைய மனைவியாக விசா எடுப்பது. அவனும் ஸ்பொன்சர் செய்யச் சம்மதித்திருந்தான். வீட்டில் சமைக்க ஆள் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தான்.

ஜெயராணியின் எண் ஐந்து மாதமாக அறுபத்துநாலில் நின்றது. சுகிர்தாவைப் போல அவள் அந்நியனின் சேட்டை மணக்கவில்லை. நன்றாகத் தெரிந்தவனின் சேட்டை மணந்தாள்.

"அவனை நினையாதை," என்று எமல்டா தடுப்புக்குள் சொல்வது கேட்கும். "சேட்டை மூக்கிலை வைச்சுக்கொண்டு பிள்ளையளின்ரை வீடியோவைப் பார். சின்னவன் சிரிக்கிறதைப் பார். ஆ, இப்ப ஐம்பத்தொம்பது. பார், இன்னும் பார்."

சுகிர்தாவால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் படியிறங்கும்போது கேட்டாள். "அக்கா, அவவுக்கு அருவருப்பு வரத்தானே வேணும்? அது வராமல் விட்டால்தானே பிழை?"

எமல்டா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். "வரத்தான் வேணும். அதைச் சொல்லி அவள் பிள்ளையளைப் பாக்கேலுமே?"

ஜெயராணி பயிற்சிக்கு வந்த ஆறாம் மாத முடிவில் அவளுக்குப் பதினெட்டு வந்தது. எமல்டா சத்தம் போட்டு எல்லாரையும் கூப்பிட்டாள். ஐந்து பெண்களும் மூக்கில் ஒட்டிய வில்லைகளோடு எழுந்து வந்து கை தட்டினார்கள். சுகிர்தாவும் தட்டினாள். ஜெயராணி வளைந்த விரலை மற்றக் கையால் மூடியபடி, கணவனின் பெனியனை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். சுகிர்தா குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சத்தி எடுத்தாள். அன்று அவள் தன் சேட்டுப் பையைத் திறந்தே இருக்கவில்லை.

ஆனால் அவளுடைய எண்ணும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஐம்பத்தைந்து. முப்பத்தெட்டு. இருபத்தாறு. ஒன்பதாம் கிழமை ஒரு மாற்றம் நடந்தது. அலுவலகத்தில் கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தனக்கு என்னவோ குறைகிறது என்று தோன்றியது. என்னவென்று யோசித்தாள். சேட்டின் மணம். அதன் கழுத்துப் பக்கத்து மணம். வீட்டுக்குப் போனதும் உடுப்பு மாற்றாமலேயே பையைத் திறந்து முகத்தை வைத்தாள். வயிறு அமைதியாக இருந்தது. மூச்சு நீண்டது. கண்ணில் நீர் வந்தது. இது நானா, பயிற்சியா என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டாள். அன்று பின்னேரம் பகீரதன் தொலைபேசியில் வந்தபோது முதல் தடவையாக அவனிடம், "எனக்கு உங்களைத் தேடுது," என்றாள். அவன் மறுமுனையில் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

பன்னிரண்டாம் கிழமை எண் ஒன்பது. நிலையத்தின் வரலாற்றிலேயே குறைந்த எண் அது. எமல்டா அவள் பெயரைச் சுவரில் எழுதினாள்.

நேர்முகம் கொழும்பில், தூதரகத்தின் இரண்டாம் மாடியில், காலை பத்தரைக்கு. முதல் நாளே அம்மாவோடு வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தாள். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், பருத்திச் சேலை கட்டிய தமிழ்ப்பெண். அதிகாரி திரையைப் பார்த்துப் பேச, அந்தப் பெண் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

"உங்கள் கணவர் ஐந்து வருடத்துக்கு உங்களுக்குப் பொறுப்பு. உணவு, இருப்பிடம், வைத்தியம் எல்லாம் அவர்தான் பார்க்க வேண்டும். இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. அரசாங்க உதவி எதையும் நீங்கள் கேட்க முடியாது. விளங்குகிறதா?"

"ஓம், விளங்குது."

"இந்தக் கலியாணத்துக்கு உங்களை யாராவது வற்புறுத்தினார்களா?"

"இல்லை."

சோதனை நான்கு நிமிடம்தான். அவர்களே பகீரதனிடம் நேரில் வாங்கி முத்திரையிட்ட சேட்டு. சுகிர்தா முகத்தைத் தாழ்த்தினாள். பழகிய மணம் வந்தது. தோள்கள் தளர்ந்தன. மொழிபெயர்ப்பாளர் திரையைப் பார்த்து, விதிக்குப் புறம்பாக, லேசாகப் புன்னகைத்தாள்.

"ஒன்பது. மிக நல்ல எண்."

அதிகாரி அடுத்த பக்கத்தைத் திறந்தான். இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள். மொழிபெயர்ப்பாளரின் புன்னகை போய்விட்டது.

"இரண்டு மாதத்துக்கு முன், வைத்தியப் பரிசோதனையில், உங்களிடம் நான்கு நாள் போட்ட சட்டை ஒன்று வாங்கினார்கள், இல்லையா?"

"ஓம். ஃபைலுக்கு எண்டு சொன்னவை."

"அது உங்கள் கணவரைச் சோதிக்க. இந்த வருடம் வந்த விதி. ஸ்பொன்சர் செய்பவரும் சோதிக்கப்படுவார். மனைவி என்று கூப்பிட்டு வேலைக்காரியாக வைத்திருந்த வழக்குகள் நிறைய வந்துவிட்டன. உங்களைப் பாதுகாக்கத்தான் இந்த ஏற்பாடு." அவள் திரையிலிருந்து நிமிர்ந்தாள். "அவருடைய எண் ஐம்பத்தெட்டு."

சுகிர்தாவுக்கு முதலில் அது ஏதோ வீட்டு இலக்கம் போலக் கேட்டது.

"என்னிலையோ?" என்றாள். "என்ரை சட்டையிலையோ?"

"ஆம். மூன்று மாதத்துக்குள் அவர் ஒருமுறை திரும்பச் சோதனைக்கு வரலாம். அதிலும் தவறினால் ஐந்து வருடத்துக்கு அவர் யாரையும் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அதற்கு முன் நீங்களாக விண்ணப்பத்தை மீளப் பெற்றால் அந்தத் தடை வராது." இதைச் சொல்லிவிட்டு மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியை நோக்கிச் சற்றுக் குனிந்து, "மன்னிக்க வேணும் தங்கச்சி," என்றாள்.

வெளியே தேநீர்க் கடை வாங்கில் அம்மா காத்திருந்தாள். விசயத்தைக் கேட்டதும் அவள் வாங்கிலிருந்து எழுந்தாள். தன்னையறியாமல் குனிந்து, பெருவீதியில் அத்தனை பேர் பார்க்க, மகளின் தோளை மோந்து பார்த்தாள். செய்தது என்னவென்று உணர்ந்ததும் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"அம்மா!"

"இல்லை பிள்ளை... ஒண்டும் இல்லை. ஒரு மணமும் இல்லை."

சுகிர்தா திரும்பும் பஸ்ஸில் எட்டு மணித்தியாலமும் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு இருந்தாள். அம்மாவின் தோள் படும்போதெல்லாம் யன்னல் பக்கம் நகர்ந்தாள்.

மறுநாள் பின்னேரம் பகீரதன் பேசினான். தூதரகம் அவனுக்கும் அறிவித்திருந்தது.

"நீர் பிழையா விளங்கக்கூடாது," என்றான். "உம்மிலை ஒரு குறையும் இல்லை."

"அப்ப ஐம்பத்தெட்டு ஆரிலை?"

அவன் சொல்லத் தொடங்கினான். அவ்வளவு நாளும் அவன் அவ்வளவு பேசியதில்லை.

"இஞ்சை வந்த முதல் வருசம், லிஃப்ட்டிலை ஒரு வயசான மனிசி என்னோடை ஏறுவா. ஒவ்வொரு நாளும் நான் ஏறினோண்ணை லேஞ்சித் துண்டை எடுத்து மூக்கிலை வைப்பா. ஒரு சொல்லும் சொல்லமாட்டா. வேலையிடத்திலை என்ரை ஜக்கெற்றை மற்ற ஆக்களின்ரையோடை கொழுவ வேண்டாம், தனியாக் கொழுவு எண்டவை. நான் தேங்காய் எண்ணெயை விட்டன். வீட்டிலை தாளிக்கிறதை விட்டன். வேலைக்கு வெளிக்கிட முந்தி ரெண்டு தரம் குளிப்பன். பதினொரு வருசம் சுகிர்தா. இப்ப அந்த லிஃப்ட்டிலை ஆரும் மூக்கைப் பொத்திறேல்லை." குரல் உடைந்தது. "சோதனையிலை உம்மடை சட்டைப் பையைத் திறந்து தந்தவங்கள். எண்ணெய், சரக்குத்தூள், அடுப்படிப் புகை. எனக்கு உம்மடை நினைவு வரேல்லை. அந்த லிஃப்ட்தான் வந்தது. பக்கத்திலை ஒரு வெள்ளைக்காரப் பெட்டை ஒபிசர் நிக்கிறாள். நான் அவளின்ரை மூக்கைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

சுகிர்தாவுக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. அந்த மனுசியின் லேஞ்சியை நினைக்க அருவருப்பாக இருந்தது. பக்கத்தில் இருந்தால் அவன் தலையைத் தடவியிருப்பாள்.

"பரவாயில்லை," என்றாள். "மூண்டு மாசம் இருக்குத்தானே. நான் பழகினமாதிரி நீங்களும் பழகுங்கோ. நான் சட்டை அனுப்புறன்."

"அதுதான் நானும் யோசிச்சனான். ஒரு பாசல் போட்டிருக்கிறன். வந்தோண்ணை பாரும்."

பாசல் ஒன்பதாம் நாள் வந்தது. வெள்ளைச் சவர்க்காரம் பன்னிரண்டு கட்டி, ஷாம்பூ, அக்குளுக்குப் பூச ஒரு களிம்பு, உடுப்புத் தோய்க்க ஒரு திரவம். எதிலும் ஒரு வாசமும் இல்லை. கூடவே ஒரு தாள். அங்கே ஸ்பொன்சர்மாருக்கென்று நடத்தப்படும் ஒரு பயிற்சி நிலையம் தமிழிலேயே அச்சடித்தது. விண்ணப்பதாரர் தொண்ணூறு நாளைக்குத் தேங்காய் எண்ணெய், உள்ளி, வெங்காயம், மிளகாய்த்தூள், கருவாடு, மீன் தொடக்கூடாது. விறகடுப்புப் பக்கம் போகக்கூடாது. நாளுக்கு மூன்று தரம் குளிக்க வேண்டும். நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து உடல் 'நடுநிலை மணத்தை' அடையும்.

அம்மா தாளை இரண்டு தரம் வாசித்தாள். "செய்து பாப்பம் பிள்ளை," என்றாள். "எத்தினை பேர் உதுக்கும் வழியில்லாமல் இருக்குதுகள்."

சுகிர்தா செய்தாள். அவித்த கிழங்கும் பாணும் பாலும் சாப்பிட்டாள். அவளுக்கென்று அம்மா தனிப் பானை வைத்தாள். சவர்க்காரம் தோலில் நுரைத்துக் கழுவுப்பட்டது. அது பட்ட இடம் பளிங்கு போல ஆனது. எட்டாம் நாள் காலை, அம்மாவுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்கக் குனிந்தாள். அம்மா நிமிர்ந்து அவளையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"நீ வந்து நிண்டது எனக்குத் தெரியேல்லை." அம்மாவின் குரலில் பயம் இருந்தது. "ஆரோ பிறத்தியாள் மாதிரி இருக்கடி."

சுகிர்தா அறைக்குப் போய்த் தன் கையை மோந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. தலையணையை மோந்தாள். பகீரதன் இருந்தான். அவள் இல்லை.

அன்று பின்னேரம் அவளே அவனை அழைத்தாள்.

"நீங்கள் பயிற்சிக்குப் போறீங்களே?"

"எங்கை நேரம்? கிழமைக்கு மூண்டு நாள் வரச் சொல்லுறாங்கள். நீர் அந்த சோப்பைப் பாவிக்கிறீர்தானே? நீர் மாறினால் நான் பழகத் தேவையில்லை எண்டுதான் அவங்களும் சொல்லுறாங்கள்."

"நேரமில்லை எண்டதோ, விருப்பமில்லை எண்டதோ?"

அவன் உண்மையைத்தான் சொன்னான். "எனக்குப் பயம். அந்த மணத்துக்கு நான் பழகினால், நான் மணக்கிறதும் எனக்குத் தெரியாமல் போயிடும். திரும்ப அந்த லிஃப்ட்டிலை நிக்கேலாது என்னாலை."

"எனக்கு ஒங்காளம் வருது," என்றாள் சுகிர்தா.

"ஐயோ, திரும்பவே?" அவன் பதறினான். "எண் ஏறிட்டுதோ? பழக்கம் விட்டுப்போச்சுப் போல. நான் உடனை சேட்டு அனுப்பட்டே? நீர் எமல்டா அக்காட்டை ஒருக்காப் போயிட்டு வாரும்."

"சேட்டு இல்லை. உங்கடை சேட்டை இப்பவும் என்னாலை விடேலாமல்தான் இருக்கு. நித்திரை கொள்ள அது வேணும். அதைப்போல அரியண்டம், அருவருப்பு வேறை இல்லை." அவள் குரல் நடுங்கவில்லை. "உங்கடை நாத்தத்தைத் தின்னப் பழகினன். வாளியிலை சத்தி எடுத்து எடுத்துப் பழகினன். இப்ப நான் ஒரு மணமும் இல்லாமல் வரவேணும். என்னை ஆரெண்டு தெரியாமல் இருந்தால்தான் நீங்கள் என்னைச் சேப்பீங்கள். நான் விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கப்போறன்."

நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் அழுகிறான் என்று நினைத்தாள். ஏதாவது ஒரு வார்த்தை சொன்னால் மனம் மாறிவிடுவாள் என்றுகூட அவளுக்கு இருந்தது.

"நீராத் திருப்பி எடுத்தால்," என்றான் அவன் மெதுவாக, "எனக்கு அந்த ஐஞ்சு வருசத் தடை வராதுதானே?"

"வராது."

அவன் மூச்சை விட்டான். அந்தப் பெருமூச்சு அவ்வளவு தூரம் தாண்டி அவள் காதுக்குள் முழுவதுமாக வந்து இறங்கியது. அவள் தொலைபேசியை வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை கணினியில் படிவத்தைத் திறந்தாள். அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். தடுக்கவுமில்லை, சம்மதிக்கவுமில்லை. பெயர், கோப்பு இலக்கம், ஸ்பொன்சரின் பெயர். விண்ணப்பத்தை மீளப் பெறும் காரணம் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. மரணம். விவாகரத்து. ஸ்பொன்சரின் வருமானம் போதாமை. கடைசியில், வேறு.

'வேறு' என்பதை அழுத்தினாள். ஒரு வெற்றுக் கட்டம் வந்தது. சற்று யோசித்துவிட்டு, 'அருவருப்பு' என்று எழுதினாள்.

சின்ன வட்டம் ஒன்று சுழன்றது. பிறகு சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. 'எமது பதிவின்படி உங்கள் விலகல் எண் 9. நீங்கள் தெரிவித்த காரணம் பதிவோடு முரண்படுவதால் ஏற்கப்படவில்லை. சரியான காரணத்தைத் தெரிவிக்கவும்.'

சுகிர்தா அந்த வரியை வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு எழுதியதை அழித்துவிட்டு, 'நான் வரவில்லை' என்று எழுதினாள். படிவம் உடனே ஏற்றுக்கொண்டது. நன்றி சொன்னது. குடும்ப இணைவுத் திட்டத்தின் நம்பகத்தன்மையைக் காக்க அவள் உதவியதற்காக இன்னொரு நன்றியும் சொன்னது.

"முடிஞ்சுதே?" என்றாள் அம்மா.

"ஓம்."

"ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டது," என்றாள் சுகிர்தா. "சொன்னன். அது நம்பேல்லை."